பொழுதிலிருந்து தொடங்குங்கள்: வனாந்தர ஓவியங்களைப் பார்க்க ஒரு வழிகாட்டி

காடு, மலை, ஏரி, மேலே பற்றியெரியும் வானம். மனிதர் யாருமில்லை. இப்படியோர் ஓவியத்தின் முன் முதன்முறையாக நிற்பவர் பெரும்பாலும் "எவ்வளவு அழகு" என்று சொல்லிவிட்டு அடுத்த சுவருக்கு நகர்ந்துவிடுவார். அவருடைய ரசனையில் குறையில்லை. ஆட்கள் நிறைந்த ஓவியம் என்றால் யார் யாரைப் பார்க்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது என்று ஏதாவதோர் இடத்தில் தொடங்கிவிடலாம். வெறும் காட்டுக்குள் எதைப் பிடித்துக்கொண்டு நுழைவது? நான் தேடிய காலத்தில் ஓவியரின் வாழ்க்கை வரலாறு கிடைத்தது, புகழுரைகள் ஏராளமாகக் கிடைத்தன. எங்கே கண்ணை வைப்பது, அடுத்து எங்கே போவது என்று சொல்பவை அரிதாகவே இருந்தன. தட்டுத்தடுமாறி நான் வந்து சேர்ந்த வரிசையை இங்கே தருகிறேன். நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

என் ஆலோசனையின் சாரம் இது: உணர்வைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் பொழுது, பிறகு அங்கே இருக்கும் மரமும் நீரும் கல்லும், அதன்பிறகே உணர்வு. அகப்பாடலுக்கு முதல், கரு, உரி என்று நம்மவர்கள் வகுத்த வரிசை இங்கேயும் கைகொடுக்கிறது. ஆனால் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாலை என்றால் முல்லை, முல்லை என்றால் காத்திருப்பு என்ற பொருத்தம் நம் கவிதைக்கு உரியது. வேறொரு நிலத்து ஓவியரின் மாலைக்கு அதை மாட்டிவிட்டால் ஓவியம் காணாமல் போய்விடும்.

கூடவே வைத்துப் பார்க்க ஓர் ஓவியம் வேண்டும். அமெரிக்க ஓவியர் ஃபிரெடரிக் எட்வின் சர்ச் 1860-இல் வரைந்த 'ட்விலைட் இன் தி வில்டர்னஸ்' என்ற ஓவியத்தை எடுத்துக்கொள்கிறேன். வனாந்தரத்து அந்தி. கிளீவ்லாண்ட் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்னே இருண்ட மரங்கள், நடுவில் அசையாத நீர், தொலைவில் மலை, வானம் முழுக்கச் செந்தீ போன்ற மேகத்திரள்.

1. படத்தை எங்கிருந்து எடுப்பது

இதற்கு ஒரு காசும் செலவழிக்க வேண்டியதில்லை. கிளீவ்லாண்ட் அருங்காட்சியகம் 2019 முதலும், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதலும், ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020 முதலும் தங்களிடமுள்ள காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டிருக்கின்றன. அச்சிடலாம், கட்டுரையில் சேர்க்கலாம், அனுமதிக் கடிதம் தேவையில்லை. இதே படங்களைக் காசுக்கு விற்கும் தளங்களும் உண்டு. அங்கே பணம் கட்டுவதற்கு முன் அந்த ஓவியம் இருக்கும் அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

இலவசம் என்பதைவிட முக்கியமான காரணம் நிறம். தேடுபொறியில் இந்த ஓவியத்தைத் தேடினால் ஒன்றில் மேகம் ரத்தச் சிவப்பாகவும் இன்னொன்றில் ஆரஞ்சாகவும் வேறொன்றில் ஊதாவாகவும் வரும். யாரோ எடுத்து, யாரோ திருத்தி, யாரோ பகிர்ந்தவை. ஒளியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றால் அருங்காட்சியகமே எடுத்து வெளியிட்ட படம்தான் வேண்டும். பெரிய கோப்பாகவே இறக்குங்கள். சிறிய படத்தில் இருட்டுப் பகுதிகள் வெறும் கறுப்பாகிவிடும். அந்தி ஓவியங்களில் பாதி விஷயம் அந்த இருட்டுக்குள்தான் இருக்கிறது.

பார்க்கும் முன் கைபேசியிலோ கணினியிலோ கண் பாதுகாப்புக்காக இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் அது ஓடிக்கொண்டிருந்தால் எல்லா ஓவியமும் மாலை வெயிலில் நனைந்ததாகவே தெரியும்.

2. விவரப் பலகையில் எதை முதலில் படிப்பது

பலகையில் ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, எதன்மேல் எதனால் வரைந்தது, அளவு, எப்படி வந்து சேர்ந்தது, பதிவு எண் ஆகியவை இருக்கும். அதற்குக் கீழே ஒரு பத்தி விளக்கம். ஆண்டையும் அளவையும் மட்டும் குறித்துக்கொண்டு, விளக்கத்தைக் கையால் மறைத்துவிடுங்கள். அதற்கு 7-ஆவது படியில் வருவோம்.

அளவை ஏன் குறிக்க வேண்டும்? சர்ச்சின் அந்தி சுமார் 102 செ.மீ. உயரமும் 163 செ.மீ. அகலமும் கொண்டது. ஆல்பர்ட் பியர்ஸ்டாட் 1868-இல் வரைந்த சியெரா நெவாடா மலைக்காட்சி, ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது, சுமார் 183-க்கு 305 செ.மீ. கைபேசியில் இரண்டும் ஒரே அகலம். நேரில் ஒன்று சன்னல், இன்னொன்று முழுச் சுவர். வீட்டுச் சுவரில் காகித நாடா ஒட்டி அந்த அளவைக் குறித்து, முன்னால் நின்று பாருங்கள். ஓவியம் தரும் பிரமிப்பில் எவ்வளவு பங்கு வெறும் அளவினால் வருகிறது என்பது அப்போது பிடிபடும்.

தலைப்பை நம்பலாமா? ஓவியரே வைத்ததாக இருந்தால் அது நல்ல சான்று. ஆனால் விற்பனையின்போதோ பின்னாளிலோ ஒட்டிக்கொண்ட பெயர்களும் உண்டு. தாமஸ் கோல் 1836-இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தை எல்லோரும் 'தி ஆக்ஸ்போ' என்றுதான் சொல்கிறார்கள். அதன் முழுத் தலைப்போ மாசசூசெட்ஸின் ஹோலியோக் மலையிலிருந்து, இடிமழைக்குப் பின் தெரியும் காட்சி என்று நீளும். 'இடிமழைக்குப் பின்' என்ற சொற்கள் சுருக்கப் பெயரில் விழுந்துவிட்டன. அந்த ஓவியத்தின் ஒளியைப் புரிந்துகொள்ள நமக்கு வேண்டியதே அந்தச் சொற்கள்தான்.

3. பொழுதைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பத்து நிமிடம் கொடுத்தாலும் தகும்.

முதல் கேள்வி: சூரியன் எங்கே? படச்சட்டத்துக்குள் தெரிகிறதா, வெளியே இருக்கிறதா, அடிவானத்துக்குக் கீழே போய்விட்டதா? நிழல்களைப் பாருங்கள். சூரியன் 45 பாகை உயரத்தில் இருந்தால் ஒரு மரத்தின் நிழல் அந்த மரத்தின் உயரமே இருக்கும். இறங்க இறங்க நிழல் நீளும். நிழலே இல்லையென்றால் மேகமூட்டம், அல்லது சூரியன் மறைந்த பிறகு.

அடுத்து மேகத்தின் வயிற்றைப் பாருங்கள். பகலில் மேகத்தின் மேல்புறம் வெளுப்பாகவும் அடிப்புறம் சாம்பலாகவும் இருக்கும். அடிப்புறம் சிவந்திருந்தால் சூரியன் அடிவானத்தை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கிறது. சாய்ந்து வரும் ஒளி நெடுந்தூரம் காற்றைக் கடக்க வேண்டியிருப்பதால் நீலம் வழியிலேயே சிதறிப்போகிறது, சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகின்றன. சர்ச்சின் ஓவியத்தில் மேகங்களின் அடிப்புறம் செக்கச்செவேல் என்றிருக்கிறது. தரையோ இருண்டுவிட்டது. உயரத்திலுள்ள மேகங்களுக்கு இன்னும் சூரியன் தெரிகிறது, தரைக்குத் தெரியவில்லை என்று பொருள். அதாவது சூரியன் மறைந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது.

இந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பதில் ஒரு நுட்பம் உண்டு. சூரியன் அடிவானத்திலிருந்து 6 பாகை கீழே இறங்கும்வரை உள்ள வெளிச்சத்தைத்தான் அந்தியின் முதல் கட்டம் என்பார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் அது சட்டென முடிந்துவிடும். வடக்கே போகப் போகச் சூரியன் சாய்வாக இறங்கும், அந்தி நீளும். சர்ச் முன்வரைவுகள் எடுத்த மெய்ன் மாநிலம் நிலநடுக்கோட்டிலிருந்து வெகு வடக்கே இருக்கிறது. அங்கே வானம் எரிந்துகொண்டே நிற்க நேரமிருக்கிறது. வெப்பமண்டலத்தில் வாழ்பவர் தம் அனுபவத்தை அப்படியே வைத்து "ஒரு கணத்தில் மறையப்போகும் காட்சி" என்று எழுதிவிடக் கூடாது.

எல்லோரும் விழும் பள்ளம்: நிறத்தை மட்டும் வைத்து விடியலா அந்தியா என்று முடிவுகட்டுவது. முடியாது. இரண்டிலும் ஒளி ஒரே வழியில்தான் வருகிறது. வேறு சான்று தேடுங்கள். இரவில் தரை குளிர்ந்ததால் பள்ளங்களில் தங்கிய மூடுபனி விடியலுக்குச் சாதகமான சான்று. இடம் தெரிந்தால் எந்தத் திசையைப் பார்த்து வரைந்திருக்கிறார் என்று நிலப்படத்தில் பார்க்கலாம். ரஷ்ய ஓவியர் இவான் ஷிஷ்கினின் 1889-ஆம் ஆண்டுப் பைன் காட்டு ஓவியத்தைப் பாருங்கள். மரங்களின் உச்சியில் பொன் வெளிச்சம், அடியில் நீலப் பனி. தலைப்பும் காலை என்கிறது. இரண்டும் பொருந்துவதால் ஐயமில்லை.

4. ஒளி எதைத் தொடுகிறது, எதை விட்டுவிடுகிறது

படத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நேரில் என்றால் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நிறம் விலகியதும் வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். சர்ச்சின் ஓவியத்தில் இப்படிச் செய்தால் அவ்வளவு ஆர்ப்பாட்டமான சிவப்பு மேகங்கள் நடுத்தரச் சாம்பலாக அடங்கிவிடுகின்றன. மிகப் பிரகாசமான இடம் அடிவானத்தின் மேலுள்ள மஞ்சள் பட்டையும் நீரில் விழுந்த அதன் பிரதிபலிப்பும்தான். சிவப்பு நம்மைக் கூப்பிடுகிறது, மஞ்சள் நம்மை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. இந்த ஓவியத்தில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இது.

பிறகு, ஒளி இயல்பாக விழக்கூடியதா, ஓவியர் வேண்டுமென்றே விழவைத்ததா என்று கேளுங்கள். பியர்ஸ்டாடின் சியெரா நெவாடா ஓவியத்தில் மேகத்தைப் பிளந்துகொண்டு இறங்கும் ஒளி நீரில் விழுகிறது, கரையில் மான்கள் நிற்கின்றன. இப்படி ஒளி இறங்குவது இயற்கையில் நடப்பதுதான். ஆனால் அந்த ஓவியத்தை அவர் வரைந்தது ரோம் நகரத்தில் ஓர் அறைக்குள். கலிஃபோர்னியாவில் எடுத்த குறிப்புகளைக் கோத்து ஓர் இடத்தை அவரே கட்டியிருக்கிறார். ஆகவே "அந்த மலை எங்கே இருக்கிறது" என்று தேடி அலைய வேண்டாம். "ஒளியை ஏன் இங்கே போட்டார்" என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

கோலின் ஓவியத்தில் விடை இன்னும் வெளிப்படை. இடப்பக்கம் புயல்மேகமும் முறிந்த மரங்களும் அடர்காடும். வலப்பக்கம் வெயிலில் குளித்த வயல்களும் வளைந்தோடும் ஆறும். படத்தின் ஒரு பாதியைக் காகிதத்தால் மறைத்து மற்றதைப் பாருங்கள், பின் மாற்றுங்கள். இரண்டு வேறு ஓவியங்கள்! இரண்டுக்கும் இடையே, கீழே புதருக்குள், தூரிகையோடு உட்கார்ந்திருக்கும் சிறிய மனிதர் கோலேதான்.

எச்சரிக்கை: பழைய எண்ணெய் ஓவியங்களின் மேல் பூசிய வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகும். நீல வானம் பச்சையோடும், வெள்ளை மேகம் தேன் நிறமாகும். சில சிவப்புச் சாயங்கள் வெளிறியும் போகும். "பொன்னொளி ததும்பும் மாலை" என்று நீங்கள் எழுதுவது ஓவியரின் ஒளியா, வார்னிஷின் வயதா? ஓவியம் எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்ற குறிப்பு அருங்காட்சியகத் தளத்தில் இருந்தால் படித்துவிடுங்கள். இல்லையென்றால் வெள்ளையாக இருந்தே தீர வேண்டிய ஏதாவதொன்றைப் பாருங்கள், நுரை அல்லது பனிமுகடு. அதுவும் மஞ்சளாக இருந்தால் கவனமாக எழுதுங்கள்.

5. இயற்கையைப் பெயர் சொல்லிப் பாருங்கள்

'மரங்கள்' என்று எழுதாதீர்கள். ஊசியிலையா, அகன்ற இலையா? உயிரோடு இருக்கிறதா, பட்டுப்போனதா? முறிந்தது காற்றிலா, கோடரியிலா? கோடரி வெட்டு தட்டையாக இருக்கும், காற்றில் முறிந்தது சிம்பு சிம்பாக நிற்கும். ஒரு வெட்டுத் தடம் போதும், 'மனிதர் நுழையாத காடு' என்ற உங்கள் வாசிப்பு கவிழ்ந்துவிடும்.

நீர் நிற்கிறதா ஓடுகிறதா என்று பாருங்கள். பிரதிபலிப்பு கலையாமல் இருந்தால் தரைமட்டத்தில் காற்றில்லை. சர்ச்சின் ஏரி அப்படித்தான் கிடக்கிறது. மேலே மேகங்கள் கலைந்து ஓடுவதுபோல் தெரிந்தாலும் கீழே ஓர் இலைகூட அசையாது என்று உறுதியாகச் சொல்லலாம்.

தொலைவு நீலமாவதையும் கவனியுங்கள். இடையிலுள்ள காற்று நீல ஒளியைச் சிதறவிடுவதால் தூரத்து மலை வெளிறி நீலமாகும். ஒரு மலை எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதோ அவ்வளவு வறண்ட, சுத்தமான காற்று. மங்கினால் ஈரம், தூசு, புகை. படத்தில் வெயில் சுடுமா குளிருமா என்பதைக்கூட இதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்.

6. யார் இல்லை என்று கேளுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. வனாந்தரம் காலியாக இருப்பதும் ஓவியர் எடுத்த ஒரு முடிவுதான். மெய்னில் சர்ச் குறிப்பெடுத்த கட்டாடின் மலைப் பகுதி பெனாப்ஸ்காட் என்ற பூர்வகுடி மக்களின் புனித நிலம். சர்ச்சின் அந்தி ஓவியத்தில் அவர்கள் இல்லை. பியர்ஸ்டாட் 1863-இல் வரைந்த ராக்கி மலைக் காட்சியிலோ முன்னே ஷோஷோனி மக்களின் குடியிருப்பே இருக்கிறது, பின்னால் பனிமலை ஒளிர்கிறது. அங்கே ஒளி யார்மேல் விழுகிறது, யார் நிழலில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒளியைப் பற்றிய கேள்வியும் மனிதரைப் பற்றிய கேள்வியும் ஒன்றாகிவிடும் இடம் இது.

விலங்குகள் இருந்தால் அவற்றை விரலால் மறைத்துப் பாருங்கள். ஷிஷ்கினின் காட்டில் விளையாடும் கரடிகளை வரைந்தவர் அவருடைய நண்பர் கான்ஸ்டான்டின் சவிட்ஸ்கி. கரடிகளை மறைத்தால் ஒரு குடும்பக் காட்சி மறைந்து, வேரோடு முறிந்த பைனும் ஆழமான பனிப்பள்ளமும் கொண்ட கடுமையான காடு வெளிப்படுகிறது.

7. இப்போது உணர்வுக்கு வாருங்கள்

குறிப்பேட்டில் ஒரே வாக்கியம் எழுதுங்கள். "இந்த ஓவியம் எனக்கு இன்ன உணர்வைத் தருகிறது, காரணம் இன்னது." காரணம் படத்துக்குள் விரல் வைத்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

"அமைதியாக இருக்கிறது" போதாது. "வானத்தில் கொந்தளிப்பு, நீரில் அசைவின்மை, இரண்டுக்கும் நடுவே நிற்க எனக்கு ஒரு பாதைகூட இல்லை, அதனால் அமைதியோடு ஒரு பதற்றமும் சேர்கிறது" என்பது வாசிப்பு. யாரும் மறுக்கலாம், ஆனால் படத்தைப் பார்த்துத்தான் மறுக்க வேண்டும். காரணம் தேடும்போது அடிவானம் எந்த உயரத்தில் இருக்கிறது, நாம் காலூன்ற முன்னே இடமுண்டா என்ற இரண்டையும் கட்டாயம் பாருங்கள். அடிவானம் தாழ்ந்தால் வானம் ஆள்கிறது. உயர்ந்தால் நிலம் நம்மேல் ஏறி நிற்கிறது.

இனி மறைத்துவைத்த விளக்கப் பலகையைப் படியுங்கள். சர்ச்சின் அந்தியை, நெருங்கிவந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் சாயலாகப் பார்க்கும் வாசிப்பு உண்டு. ஏற்கலாமா? ஆண்டைப் பாருங்கள். ஓவியம் 1860, போர் தொடங்கியது 1861 ஏப்ரலில். ஆகவே "போரை வரைந்தார்" என்று எழுத முடியாது. "நாடு பிளவை நோக்கிப் போன காலத்தின் பதற்றம் இந்த வானத்தில் இருப்பதாகப் படிக்கலாம்" என்று எழுதலாம். சான்று எது, வாசிப்பு எது என்று தனித்தனியாக எழுதினால் இரண்டுக்கும் மதிப்புண்டு.

8. முன்வரைவுகளோடு ஒப்பிடுங்கள்

இதுவும் இலவசம். நியூயார்க்கின் கூப்பர் ஹியூவிட் அருங்காட்சியகத்தில் சர்ச்சின் கோட்டோவியங்களும் எண்ணெய் வண்ண முன்வரைவுகளும் 2,000-க்கு மேல் உள்ளன. இணையத்திலும் பார்க்கலாம். ஓவியரின் பெயரோடு 'மெய்ன்', 'சன்செட்' போன்ற சொற்களைச் சேர்த்துத் தேடுங்கள். இடத்தில் உட்கார்ந்து அவசரமாக எடுத்த முன்வரைவுக்கும் அறையில் முடித்த ஓவியத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பட்டியலிடுங்கள். எதைச் சேர்த்தார், எதை நகர்த்தினார், எதை இருட்டாக்கினார் என்பதில்தான் அவர் நோக்கம் தெரியும்.

9. நேரில் போவதென்றால்

முதலில் அந்த ஓவியம் சுவரில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். அருங்காட்சியகத் தளத்தில் ஒவ்வோர் ஓவியத்தின் பக்கத்திலும் இப்போது காட்சியில் உள்ளதா, எந்த அறை என்று போட்டிருக்கும். வேறு ஊர்க் கண்காட்சிக்கு இரவலாகப் போயிருந்தால் பயணம் வீண். புறப்படுவதற்கு முந்தைய நாளும் ஒருமுறை பாருங்கள்.

கட்டணம்: கிளீவ்லாண்டில் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணமில்லை, சிறப்புக் கண்காட்சிக்கு மட்டும் தனிச்சீட்டு. ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகமும் இலவசம். மெட்ரோபாலிட்டனில் வெளியூர்ப் பெரியவர்களுக்கு 30 டாலர். நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவர்கள் விரும்பிய தொகை கொடுத்தால் போதும், ஆனால் முகவரிச் சான்று காட்ட வேண்டும். விடுமுறை நாட்களையும் கவனியுங்கள். கிளீவ்லாண்ட் திங்களன்றும் மெட்ரோபாலிட்டன் புதனன்றும் மூடியிருக்கும். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை, போகும் வாரத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வார நாளில் திறந்தவுடன் போனால் ஓவியத்தின் முன் தனியாக நிற்கலாம். ஓர் ஓவியத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், ஒரு நாளில் மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவதிலிருந்து கண் பார்க்கும், மனம் பதியாது. முதலில் ஓவியத்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி நின்று முழுதாகப் பாருங்கள், பிறகு அனுமதிக்கும் தூரம்வரை நெருங்குங்கள். பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தால் வார்னிஷின் மினுமினுப்பு விலகி இருட்டுப் பகுதி திறக்கும். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள், பல இடங்களில் பேனாவை அனுமதிப்பதில்லை. ஃபிளாஷ் போடக் கூடாது.

புகைப்படம் எடுத்தாலும் அதை வைத்து நிறத்தைப் பற்றி எழுதாதீர்கள். இருட்டான இடத்தைக் கைபேசி தானாகவே வெளுப்பாக்கிவிடும். விவரப் பலகையைப் படமெடுக்கக் கைபேசி போதும். ஒளியைப் பற்றிய குறிப்பை மட்டும் ஓவியத்தின் முன் நிற்கும்போதே எழுதிவிடுங்கள்.